கப்பலும் கடைத்தெருவும்

பள்ளிக்கூடத்தில் கிரேக்க நாட்டு வரலாறு கற்பித்து வந்த ஆண்டுகளில், ஈகோஸ்பொட்டாமி என்னும் இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது என் வழக்கம். ‘கி.மு. 405இல் ஏதென்ஸின் கடற்படை அங்கே போரிடாமலே பிடிபட்டது. மறு ஆண்டு ஏதென்ஸ் பணிந்தது’ என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்வர். ஒரு நாள் கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அத்தனை கப்பல்களில் இருந்தவர்களும் அப்போது எங்கே போயிருந்தார்கள்?” என்று கேட்டான். சாப்பாடு தேடிப் போயிருந்தார்கள் என்பதே அதற்கு விடை. அன்று எனக்கு அது தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த நாளைக்கு உரிய விடையை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்துப் போர்க்கப்பலுக்கு டிரைரீம் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 37 மீட்டர். அகலமோ ஆறு மீட்டருக்கும் குறைவு. இந்த ஒடுக்கமான கூட்டுக்குள் மூன்று அடுக்குகளாக 170 துடுப்புக்காரர் அமர்ந்திருப்பர். மாலுமிகளும் வீரர்களும் சேர்ந்தால் இருநூறு பேர். படுக்க இடமில்லை, அடுப்பு மூட்ட வழியில்லை. பகைவன் கப்பலை முட்டிப் பிளப்பதற்கென்று இலேசாகக் கட்டப்பட்ட மரக்கலத்தில் தானிய மூட்டைகளையும் தண்ணீர்ச் சாடிகளையும் எங்கே அடுக்குவது? 1987இல் கிரேக்க நாட்டில் ‘ஒலிம்பியாஸ்’ என்னும் பெயரால் இத்தகைய கப்பல் ஒன்றைப் புதிதாகக் கட்டி ஓட்டிப் பார்த்தனர். வெயிலில் துடுப்பு வலிக்கும் ஒருவனுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டியிருந்தது. பத்து மணி நேரத்திற்கு 170 பேருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆகவே காலையில் புறப்பட்டால் நண்பகலில் ஒரு கரை, மாலையில் ஒரு கரை என்று போவதே முறை. தலைவனுக்குக் காற்றையும் நட்சத்திரத்தையும் அறிந்திருந்தால் மட்டும் போதாது. காற்று மறைவான வளைகுடா எது, கப்பலைப் பின்புறமாக இழுத்தேற்ற ஏற்ற மணற்கரை எது, நல்ல தண்ணீர் எங்கே ஊறுகிறது, கரைக்கு அருகில் சந்தை கூடும் ஊர் எது என்பனவும் தெரிந்திருக்க வேண்டும். துடுப்புக்காரர்கள் பெரும்பாலும் கூலி பெற்றே உழைத்தனர்; அக்கூலியைக் கொண்டு அவரவர் உணவை அவரவரே வாங்கிக்கொள்வர். வாற்கோதுமை மாவு முக்கியமானது. நம் வீடுகளில் சத்துமாவு பிசைவதுபோல அதைப் பிசைந்து உண்பர். உடன் வெங்காயம், பூண்டு, பாலாடைக்கட்டி, உப்பிட்ட மீன். கை சற்றுத் தாராளமாக இருந்தால் அத்திப்பழமும் திராட்சை மதுவும்.

இதனால் ஓர் ஊர் தன் சந்தையைத் திறப்பதும் மூடுவதும் அரசியல் ஆயிற்று. கி.மு. 415இல் ஏதென்ஸின் பெரும்படை சிசிலித் தீவை நோக்கிப் போனபோது, இத்தாலிக் கரை ஊர்கள் பலவும் சந்தை தர மறுத்துவிட்டன. தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், நங்கூரம் இடலாம் என்றதோடு சரி. டாரெண்டம், லோக்ரி என்னும் இரண்டு ஊர்கள் அதுவும் கூடாது என்றன. ரேகியம் என்னும் ஊரில்தான் மதிலுக்கு வெளியே ஒரு சந்தை கிடைத்தது. வெற்றி நிச்சயம் என்று கிளம்பிய படைக்கு இது நல்ல சகுனமாக இருந்திருக்க முடியாது.

கரை தொடாமலே ஓடிய கப்பலும் உண்டு. கி.மு. 427இல், கலகம் செய்த மிட்டிலீன் நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்லுமாறு ஏதென்ஸின் மக்கள் சபை தீர்மானித்து, உத்தரவோடு ஒரு கப்பலை அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் மாறி, முதல் உத்தரவை இரத்துச் செய்து இரண்டாவது கப்பலை விரட்டினர். முன்னது ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போய்விட்டது. ஏதென்ஸில் இருந்த மிட்டிலீன் தூதர்கள் மதுவும் மாவும் ஏற்றிக் கொடுத்து, முந்திச் சென்றால் பெரும் பரிசு என்றனர். மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே தின்றனர். முறை வைத்து உறங்கினர். முதற் கப்பலோ, கொடிய செய்தியைச் சுமந்ததால், விரைவு காட்டாமல் போயிற்று. தளபதி பாக்கீஸ் முதல் உத்தரவைப் படித்து முடித்த வேளையில் இரண்டாம் கப்பல் துறைக்குள் நுழைந்தது. இந்தப் பயணத்தைத் துசிடிடீஸ் தனியாக எடுத்து எழுதினார் என்றால், கடலிலேயே உண்டு உறங்கிப் போவது எத்துணை அரிது என்று உணரலாம்.

இனிச் சந்தையையே ஆயுதமாக்கிய ஒருவனைக் காண்போம். கி.மு. 413இல் சிராக்யூஸ் துறைமுகத்துக்குள் ஏதென்ஸ் கப்பல்களும் சிராக்யூஸ் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. கொரிந்து நாட்டவனான அரிஸ்டன் சுக்கான் பிடிப்பதில் தேர்ந்தவன். ஊர்ச் சந்தை முழுவதையும் கடலோரத்துக்கு மாற்றிவிடுங்கள். உணவு வைத்திருப்போர் எல்லாரும் அங்கேயே கொண்டுவந்து விற்கட்டும் என்று அவன் சொன்னான். அப்படியே செய்தனர். காலையில் சற்றுப் பொருதுவிட்டுச் சிராக்யூஸ் கப்பல்கள் பின்வாங்கின. ஏதென்ஸ் வீரர், ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்று எண்ணி ஆற அமர இறங்கித் தங்கள் உணவைக் கவனிக்கலாயினர். அதற்குள் கப்பல் பக்கத்திலேயே உண்டு முடித்த சிராக்யூஸார் மீண்டும் பாய்ந்தனர். பெரும்பாலோர் உண்ணாமலே ஓடி ஏறினர். ஏழு கப்பல்கள் மூழ்கின.

இரண்டே ஆண்டுகளில் எரெட்ரியா என்னும் ஊர் இதற்கு மறுதலையான தந்திரம் செய்தது. ஏதென்ஸ் கப்பல்கள் அங்கே வந்தபோது சந்தையில் ஒன்றுமே விற்பனைக்கு இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். துடுப்புக்காரர்கள் ஊர்க்கோடி வீடுகளில் உணவு கேட்டு அலைந்த வேளையில் எதிரிக்குச் சைகை காட்டப்பட்டது. போனவை 22 கப்பல்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதென்ஸ் கற்றுக்கொண்டதா? கி.மு. 405இல் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர், இன்று டார்டனெல்ஸ் எனப்படும் ஹெல்லஸ்பாண்ட் நீரிணையில் லாம்சாக்கஸ் நகரைப் பிடித்தான். மதுவும் தானியமும் நிறைந்த ஊர் அது. கருங்கடலிலிருந்து ஏதென்ஸுக்குத் தானியம் வரும் வழியும் அதுவே. 180 கப்பல்களோடு வந்த ஏதென்ஸ் படை செஸ்டோஸ் நகரில் உணவு ஏற்றிக்கொண்டு, லாம்சாக்கஸுக்கு நேர் எதிரே ஈகோஸ்பொட்டாமியில் தங்கியது. ‘ஆட்டாறு’ என்று பொருள்படும் அவ்விடத்தில் திறந்த கரைதான் உண்டு; துறையும் இல்லை, ஊரும் இல்லை. உணவுக்குச் செஸ்டோஸ்வரை போகவேண்டும்.

நான்கு நாள் ஏதென்ஸ் கப்பல்கள் காலையில் அணிவகுத்துச் சென்று போருக்கு அழைத்தன. லைசாண்டர் அசையவில்லை. அவை திரும்பும்போது மட்டும் வேகமான சில கப்பல்களைப் பின்னால் அனுப்பி, இறங்கியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவரச் செய்தான். நாளுக்கு நாள் அவர்கள் உணவு தேடி மேலும் மேலும் தொலைவாகச் சிதறியதை அவன் அறிந்தான்.

அருகில் ஒரு கோட்டையில் வசித்த ஆல்சிபியாடீஸும் இதைக் கண்டான். ஏதென்ஸால் ஒதுக்கப்பட்ட பழைய தளபதி. அவன் வந்து, “துறையும் ஊரும் உள்ள செஸ்டோஸுக்குப் போங்கள், அங்கிருந்து விரும்பும்போது போரிடலாம்” என்றான். இப்போது தளபதிகள் நாங்களே, நீ அல்ல என்று சொல்லி அவனைத் துரத்தினர். அவனுடைய பழைய நடத்தைகளை நினைத்தால் அவர்களது ஐயத்தைக் குறைகூற முடியாது. ஆனால் யோசனை சொல்பவன் யார் என்று பார்த்தவர்கள், யோசனை யாது என்று பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒற்றர் கப்பல் நடுக்கடலில் ஒரு கேடயத்தை உயர்த்திக் காட்டிற்று. லைசாண்டரின் படை முழு வேகத்தில் வந்தது. தளபதி கோனான் கண்டு கூவினான். சில கப்பல்களுக்கு இரண்டு அடுக்கு ஆட்கள், சிலவற்றுக்கு ஓர் அடுக்கு, சிலவற்றில் ஒருவருமே இல்லை. கோனானோடு தப்பியவை ஒன்பதே கப்பல்கள். மற்றவை கரையிலேயே பிடிபட்டன.

அவ்வொன்பதில் ஒன்றான பாராலோஸ் இரவில் ஏதென்ஸ் துறையை அடைந்தது. அழுகுரல் துறையிலிருந்து நெடுஞ்சுவர் வழியே நகருக்குப் பரவிற்று. அன்றிரவு ஒருவரும் உறங்கவில்லை என்கிறார் செனோபோன். லைசாண்டர் அதற்குப் பின்னும் உணவையே நம்பினான். வழியில் பிடித்த ஏதென்ஸ் வீரரையெல்லாம் கொல்லாமல் ஊருக்கே அனுப்பிவைத்தான். வாய்கள் பெருகினால் பஞ்சம் விரைவில் வரும் என்பது அவன் கணக்கு. பட்டினியால் பலர் மாண்ட பின் கி.மு. 404இல் நகரம் பணிந்தது. நெடுஞ்சுவர்கள் குழலோசை முழங்க இடிக்கப்பட்டன. சைப்பிரஸுக்குத் தப்பிய கோனான் பத்தாண்டு கழித்து நைடஸில் ஸ்பார்ட்டாவின் கடற்படையை முறியடித்து, மறு ஆண்டு ஏதென்ஸுக்குத் திரும்பி அச்சுவர்களை மீண்டும் எழுப்பத் துணை நின்றான்.