டபிள்யூ-எம்: 28 வருடம் கழித்து விழுந்த ஓட்டை

கால்பந்தின் ஆஃப்சைடு விதி 1925இல் மாறியது. அதுவரை பந்தை வாங்கப் போகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்கணும். புது விதிப்படி இரண்டு பேர் போதும். கோல்கள் கொட்ட ஆரம்பித்தன.

அதே வருடம் ஆர்சனலுக்கு மேனேஜராக வந்தவர் ஹெர்பர்ட் சாப்மேன். அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று உதை வாங்கியதும் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். இன்சைடு ஃபார்வர்டுகளும் கொஞ்சம் கீழே இறங்கினார்கள். வரைந்து பார்த்தால் முன்னால் ஐந்து பேர் 'டபிள்யூ', பின்னால் ஐந்து பேர் 'எம்'.

இதன் பலம் தெளிவு. எதிரணியும் இதையே ஆடினால், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள். 5ஆம் எண் சென்டர் ஹாஃப், எதிரணியின் 9ஆம் எண்ணைப் பிடிக்கணும். குழப்பமே கிடையாது. 1931 முதல் 1938 வரை ஆர்சனலுக்கு ஐந்து லீக் பட்டங்கள். இங்கிலாந்து முழுக்க இதையே ஆடியது.

பலவீனமும் அங்கேதான் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி ஆடியதால் அது யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் தொழிலில் இதைப் பார்த்திருக்கிறேன்: நிரலை எழுதியவரே சோதனையையும் எழுதினால், அவருடைய தவறான அனுமானமும் சேர்ந்தே பாஸ் ஆகிவிடும்.

1953 நவம்பர் 25, வெம்ப்லி. ஹங்கேரியின் 9ஆம் எண் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கினார். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் என்ன செய்வார்? பின்தொடர்ந்தால் நடுவில் பள்ளம். புஷ்காஷும் கோச்சிஷும் அதில் புகுவார்கள். நின்றால் ஹிடெக்குட்டியைக் கேட்க ஆளில்லை. முதல் நிமிடத்திலேயே கோல். ஹிடெக்குட்டி மட்டும் மூன்று அடித்தார், ஆட்டம் 6-3.

ஜான்ஸ்டனைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் சென்டர் ஹாஃபாக வேறொருவர் ஆடினார், 7-1. ஆளை மாற்றினார்கள், கணக்கை மாற்றவில்லை.

மாற்றியது மேற்கு ஜெர்மனி. 1954 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் ஹிடெக்குட்டியைத் துரத்தும் வேலையை ஹாஃப்பேக் எக்கெலிடம் கொடுத்தார்கள். சென்டர் ஹாஃப் லீப்ரிஷ் இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. எட்டாவது நிமிடத்திலேயே 2-0 என்று பின்தங்கியும் 3-2 என்று ஜெயித்தார்கள். மழையும், காயத்தோடு ஆடிய புஷ்காஷும் அதற்கு உதவினார்கள் என்பது உண்மை. ஹங்கேரியின் பின்களமும் அப்படியொன்றும் கெட்டியில்லை; வெம்ப்லியிலேயே மூன்று கோல் விட்டவர்கள்தான். ஆனால் வெம்ப்லி கேட்ட கேள்விக்கு, சட்டை எண்ணைப் பார்க்காமல் பதில் எழுதியவர்கள் ஜெர்மானியர்கள்தான்.