வேதியியல் பேராசிரியர் நட்ட மரங்கள்

நம் குடியிருப்பில் மரம் நடும் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி. நாட்டு மரம்தான் வேண்டும் என்பார் சிலர். சீக்கிரம் நிழல் தந்தால் எந்த மரமும் சரி என்பார் சிலர். இரண்டு தரப்பாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை தாம்பரத்தில் இருக்கிறது.

1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. சென்னை ஜார்ஜ் டவுனின் நெரிசலில் நூறாண்டு இயங்கிய அது, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் சுமார் 365 ஏக்கர் நிலம். பெரும்பாலும் முட்புதர்.

அங்கே மரம் வளர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல் ஆசிரியர் அல்லர், வேதியியல் பேராசிரியர். செடிகொடிகள் மீது தீராத ஆர்வம். விடுமுறையில் தென்னிந்திய மலைகளில் ஏறிச் செடிகளைச் சேகரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், சேனைக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடிக்கு அவர் நினைவாக 'அரிசீமா பார்னெசி' என்று பெயர். அவரும் அவர் மனைவி ஆலிஸும் அரிய மரங்களையும் அயல்நாட்டு மரங்களையும் கொண்டுவந்து வளாகத்தில் வளர்த்தார்கள்.

ஆனால் புதியவற்றுக்காகப் பழைய புதர்க்காட்டை முழுவதும் அழித்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. புள்ளிமான்கள் அதில் வாழ்கின்றன. நட்டதும் தானாக முளைத்ததும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அயலிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் இல்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதே அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலத்தால் நம் ஏரிகள் படும் பாடும் தெரியும். இத்தாலியிலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய வீரமாமுனிவரைக் கொண்டாடும் ஏலாக்குறிச்சிக்கு, வந்தவரை எடைபோடும் விதத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அடுத்து ஒரு மரத்தில் கோடரி வைக்கும் முன், நம் வளாகத்து மரங்களுக்கு ஒரு பதிவேடு எழுதுவோம். பெயர் என்ன, வயது எவ்வளவு, யார் நட்டது, எந்தப் பறவை வருகிறது என்று குறிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். குழந்தைகளும் வரட்டும். பெயர் தெரிந்த மரத்தை வெட்டக் கை சற்றுத் தயங்கும்.