பிடியரிசியும் நாட்கூலியும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் காடழித்த கதையையும் பால்மரத்தையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். அவ்வுழைப்பாளர் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் எதை உண்டனர், அதனை என்ன விலைக்கு வாங்கினர், மாதக் கூலியில் அடுக்களைக்கு எவ்வளவு போயிற்று என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. அடுக்களை பெண்டிர்க்குரியது, அதற்கு வரலாறு ஏது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நாட்கூலியே அடுக்களைச் செலவைக் கணக்கிட்டுத்தான் வகுக்கப்பட்டது. ஆகவே அந்த அடுக்களையில் கடைப்பிடிக்கப்பட்ட சிக்கனத்தையும், அச்சிக்கனம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் ஆராய்வது நம் கடமையாகும்.

என் பாட்டியார் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். உலையில் இடுவதற்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டியபின், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பழைய பிஸ்கோத்துத் தகரம் ஒன்றில் போடுவார். இதற்குப் பிடியரிசி என்று பெயர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அவரோடு கப்பலேறி வந்த வழக்கம் அது. ஒரு பிடி என்பது ஏறத்தாழ ஒரு தைல் நிறை. 16 தைல் ஒரு காட்டி. நாளொன்றுக்கு ஒரு பிடி எடுத்தால் மாதக் கடைசியில் இரண்டு காட்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். சம்பள நாளுக்கு முந்திய இரண்டொரு நாள்களை அந்த அரிசிதான் கடத்திவிடும். உலையில் ஒரு பிடி குறைந்ததை உண்போர் அறியமாட்டார். அறிந்தவர் பாட்டியார் ஒருவரே. கடைசியாகச் சாப்பிட அமர்பவரும் அவரே என்பதைப் பிற்காலத்தில்தான் நான் எண்ணிப் பார்த்தேன்.

அரிசியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். போருக்கு முந்திய மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்தது. தோட்டத் தமிழர் விரும்பி வாங்கியது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவதால் அரிசி அதிகம் நொறுங்குவதில்லை, சோறு குழைவதில்லை, மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் விடியலில் பழைய சோறாகவும் நீராகாரமாகவும் பயன்படும். இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காலையில் அடுப்பு மூட்டாமல் வேலை முடிவதே பெரிய ஊதியம். சுவையாலும் சிக்கனத்தாலும் அமைந்த இப்பழக்கத்தில் வேறொரு நன்மையும் மறைந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பலரைக் கொன்றது. கால்கள் வீங்கியோ மரத்தோ போய், இதயம் தளர்ந்து, மனிதர் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே இந்நோய் மிகுதியாகவும், தமிழரிடையே அரிதாகவும் காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் சீனர் தீட்டிய வெள்ளரிசியையும் தமிழர் புழுங்கலரிசியையும் உண்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று கண்டு, 1907இல் நூலொன்று வெளியிட்டார். வெள்ளரிசியில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது பிழையாயிற்று. ஆனால் அவர் கண்ட வேறுபாடு மெய்யானது. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசி உண்டோரிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே இவ்வாறே ஆராய்ந்து, தீட்டும்போது அரிசியிலிருந்து நீங்கிவிடும் ஏதோ ஒன்றே உடலுக்கு இன்றியமையாதது என்னும் முடிவுக்கு 1909 அளவில் வந்தனர். உயிர்ச்சத்து என்று பின்னாளில் பெயர் பெற்ற பொருளைப் பற்றிய அறிவுக்கு இவ்வாராய்ச்சிகள் வழிகோலின. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தமிழ்ப் பெண்கள் இதனை அறிந்து செய்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவர்கள் பழகியதைச் செய்தனர், அது உயிரைக் காத்தது.

அரிசிக்கு அடுத்தது கறிச்சாமான். பருப்பு, புளி, மிளகாய், மல்லி, மஞ்சள், உப்பு, தேங்காயெண்ணெய், கருவாடு ஆகியவை கடையில் வாங்க வேண்டியவை. கீரையும் காயும் வீட்டுப் புறத்திலேயே கிடைத்தன. குடும்பமுள்ள ஒவ்வோர் இந்தியத் தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்கப்பட வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் எல்லாத் தோட்டங்களிலும் ஒரேவிதமாக நிறைவேறிவிடவில்லை. ஆயினும் லயத்தின் பின்னால் முருங்கையும் வாழையும் நிற்காத தோட்டத்தைக் காண்பது அரிது. வாழை ஒன்றே பூவும் காயும் தண்டும் இலையுமாக நான்கு வகையில் உதவியது. விறகுக்குப் பால்மரத்துக் காய்ந்த கிளைகள் இருந்தன. வடித்த கஞ்சி குழந்தைக்கும் ஆட்டுக்கும் பங்காகும். எஞ்சியதில் வேட்டி கஞ்சி முடமுடப்பேறும். நெத்திலிக் கருவாடு கைப்பிடி அளவு இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பு ஆகிவிடும்.

இவ்வளவு கருத்தாகக் காத்த செலவு இரண்டு இடங்களில் ஒழுகியது. ஒன்று, கடையின் பற்றுப் புத்தகம். மாதம் முழுதும் கடனுக்கு வாங்கி, சம்பள நாளன்று தீர்ப்பது வழக்கம். கடனுக்கு வாங்குபவர் நிறுவையையும் விலையையும் கேள்வி கேட்க முடிவதில்லை. எழுத்தறியாதவருக்கு ஏட்டில் என்ன எழுதப்பட்டது என்பதும் தெரிவதில்லை. பட்டணத்துக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கினால் குறைவாகக் கிடைக்கும் என்று தெரிந்தும், கையில் ரொக்கமில்லாதவர் என்ன செய்ய இயலும்? மற்றொன்று கள்ளுக்கடை. தோட்ட எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்று நடந்த அக்கடைகளுக்குச் சம்பள நாள்தான் திருநாள். பெண் பிடிபிடியாகச் சேர்த்தது ஒரு மாலையில் கரைந்ததுண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுமாறும் கோரினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனிக் கூலிக்கு வருவோம். 1920களில் இந்தியக் குடிநுழைவுக் குழு என்னும் அமைப்பு தொழிலாளியின் வாழ்க்கைச் செலவைப் பட்டியலிட்டு, அதற்கேற்ப நிலைக்கூலியை வகுத்தது. இத்தனை அளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு எண்ணெய், ஆண்டுக்கு இன்ன துணி என்று கணக்கு எழுதப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியில் பெரும்பாலான முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலைக்கூலியாயின. கணவனும் மனைவியும் மாதம் 24 நாள் உழைத்தால் 21 வெள்ளி 60 காசு கிடைக்கும். 1930இல் இரப்பர் விலை சரிந்தபோது இது 40 காசு, 32 காசு எனக் குறைக்கப்பட்டது. அதே குடும்பத்தின் வருவாய் 17 வெள்ளி 28 காசாயிற்று. அதற்கும் கீழே சென்ற தோட்டங்கள் உண்டு. வேலையின்றி ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர்.

இங்குதான் சிக்கனத்தின் மறுபக்கம் தென்படுகிறது. வாழ்க்கைச் செலவே கூலிக்கு அளவுகோல் என்றால், குறைந்த செலவில் வாழத் தெரிந்தவனுக்குக் குறைந்த கூலி போதும் என்று வாதிட இடமுண்டாகிறது. அரிசி விலை இறங்கிற்று, ஆகவே கூலியும் இறங்கலாம் என்று முதலாளிகளின் தரப்பு பேசியது. புறக்கடையில் கீரை விளைவித்து, ஆடு வளர்த்து, கஞ்சியை வீணாக்காமல் குடும்பத்தைக் காத்த பெண்ணின் திறமை, அவள் கணவனின் கூலியைக் குறைப்பதற்கே துணையாயிற்று என்று சொன்னால் மிகையாகுமோ? அவளுக்குத் தரப்பட்ட கூலியோ ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான். மலையில் அதே மரத்தை வெட்டி, வீட்டில் அதே உலையை ஏற்றியவளின் இரண்டாம் வேலைக்குப் பட்டியலில் இடமே இல்லை. பொருளியல் பயிலும் மாணவர் இதனைக் கருத்திற்கொள்வாராக.

1936இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மாண்புமிகு சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். 1937இல் வெளிவந்த அவருடைய அறிக்கை பழைய 50 காசு, 40 காசுக் கூலியை மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தது. அவ்வாறே வழங்கவும் பட்டது. ஆனால் தொழிலாளரின் இடர்களை அவர் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என்று அக்காலத் தலைவர் பலர் குறைகூறினர். எனக்கும் அக்குறை நியாயமாகவே படுகிறது. மறு ஆண்டே விலை வீழ்ச்சியைக் காட்டிக் கூலி 45 காசு, 36 காசு என்று வெட்டப்பட்டது. அதன்பின் 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. இலட்சக்கணக்கானோரின் வரவுக்கு முற்றுப்புள்ளி வைத்த செயலின் பின்னால் ஐந்து காசு கூலிக்குறைப்பும் நின்றது.

1941 டிசம்பரில் தொடங்கிய சப்பானியர் படையெடுப்பு இக்கணக்குகள் அனைத்தையும் கலைத்துவிட்டது. கடல்வழி அரிசி வருவது சுருங்கியது. பங்கீட்டு அரிசியின் அளவு மேலும் மேலும் குறைந்தது. வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் மூட்டையாகச் சேர்ந்தும் ஒரு காட்டி அரிசிக்கு ஈடாகவில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கைச் சீவிப் பிழிந்து, உலர்த்தி, மாவாக்கி, அதில் தோசையும் புட்டும் செய்யப் பெண்கள் கற்றனர். கசப்புக் கிழங்கை வகையறியாமல் உண்டால் நஞ்சாகும் என்பதையும் கற்றனர். செம்பனை எண்ணெய் தாளிக்கவும் விளக்கெரிக்கவும் பயன்பட்டது. துணியில்லாதோர் சாக்கை உடுத்தனர். வயிறு நிறைந்தும் உடல் தேயும் உணவு அது. புழுங்கலரிசியால் விலகியிருந்த பெரிபெரி இப்போது தமிழர் லயத்திலும் நுழைந்தது. ஆடவர் பலர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத வீடுகளில், பெண்களே வெட்டி, நட்டு, சமைத்து, பிள்ளைகளைக் காத்தனர். எங்கள் பாட்டியார் அக்காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மரவள்ளிக்கிழங்கை மட்டும் அதன்பின் அவர் உண்டதில்லை.

போர் முடிந்தபின்னும் பஞ்சம் உடனே தீரவில்லை. சிங்கையில் 1946இல் சமூகநல இலாகா மக்கள் உணவகங்களைத் திறந்து, 35 காசுக்கு ஒருவேளை உணவு வழங்கியது. அதே நகரில் 1973இல் விலைவாசி ஏறியபோது, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு தோபாயோவில் 'வெல்கம்' என்னும் கூட்டுறவு அங்காடியை அமைத்தது. அதுவே 1983இல் மற்றொரு கூட்டுறவுடன் இணைந்து 'பேர்பிரைஸ்' ஆயிற்று. பற்றுப் புத்தகத்தின் முன் தனியே நின்ற தொழிலாளி, கடைக்கே பங்காளியாகும் முயற்சி அது.

தீபகற்பத்தில் வேறொரு நெருக்கடி எழுந்தது. 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையோடு லயமும் முருங்கை மரமும் பறிபோயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒருவர் பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

மாதம் 10 வெள்ளி அன்று எளிய தொகையன்று. தாத்தாவின் பெயரில் பங்கு சேர்வதென்று வீட்டில் முடிவானபோது, அது எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டாராம். பாட்டியார் விடை சொல்லவில்லை. அவர் மறைந்தபின் பிஸ்கோத்துத் தகரத்தைத் திறந்து கவிழ்த்தோம். பாதியளவு புழுங்கலரிசி கொட்டிற்று. அதன் அடியில், செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டிய பற்றுச்சீட்டுகள் பத்தும் வரிசைப்படி இருந்தன.