சீனியும் அரசாங்கமும்

எல்ல நகரத்துக் கடைகளில் குளிர்பானப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. ரயிலில் வந்திறங்கும் உல்லாசப் பயணிகளுக்காகவும், தெமோதரை வளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்க வருவோருக்காகவும் அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு போத்தலிலும் ஒரு வர்ண அடையாளம் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றர் பானத்தில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமிலிருந்து 11 கிராம் வரை மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. எழுத்தறியாதவனும் கண்டுகொள்ளக்கூடிய எச்சரிக்கை அது.

அதே கடைத்தெருவிலிருந்து சற்று மேலே ஏறினால் தேயிலை மலை தொடங்கிவிடுகிறது. அங்கே லயத்துக் காம்பிராக்களில் விடியற்காலையில் அடுப்பில் ஏறுவது வேறொரு பானம். தேயிலைத் தூளும் வெந்நீரும் சீனியும் கலந்த சாயத்தண்ணி அது. அதற்கு வர்ணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. இந்த இரண்டு பானங்களையும் ஒருசேர நோக்கினாலன்றி, சீனிப் பானங்கள்மீது அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்கலாமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை காண இயலாது என்பது நமது அபிப்பிராயம்.

2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர குளிர்பானங்களிலுள்ள சீனிக்குக் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி விதித்தார். 40 கிராம் சீனிக்கு 20 ரூபா என்பது கணக்கு. உடனே விவாதம் மூண்டது. நீரிழிவு நோய் நாட்டை அரித்துக்கொண்டிருக்கிறது, வரி அவசியம் என்றனர் வைத்தியர்கள். தொழில் நலிந்துவிடும், சில்லறைக் கடைக்காரன் பாதிக்கப்படுவான், சுமை ஏழையின் தலையில்தான் விழும் என்றனர் எதிர்த்தவர்கள். இனிப்புப் பண்டங்களையும் தேநீரில் கலக்கும் சீனியையும் விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்றும் கேட்டனர். ஏறத்தாழ ஓராண்டு சென்றது. 2018இன் இறுதியில், நாட்டில் இரண்டு பிரதமர்கள் உரிமை கொண்டாடிய அந்தக் குழப்பத்தையொட்டி, வரி 30 சதமாகக் குறைக்கப்பட்டது.

ஏழையின் பெயரைச் சொல்லி வரியை ஆதரிக்கிறார்கள். ஏழையின் பெயரைச் சொல்லியே எதிர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த ஏழையின் சரித்திரத்தில் சீனி எவ்வாறு நுழைந்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

சீனியும் தேயிலையும் நமது பாட்டன்மாரின் வியர்வையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் ஐரோப்பா இனிப்புக்குப் பழகியது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834இல் சட்டப்படி முடிவுக்கு வந்தபோது தோட்ட முதலாளிகள் புதிய கைகளைத் தேடினர். அவர்களுடைய கண் இந்தியக் கிராமங்களின்மீது விழுந்தது. மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலின் கரும்புக் காடுகளுக்கு முதல் தொகுதித் தொழிலாளரை இறக்கியது. பின்னர் பீஜித் தீவுகள். அங்கே நம் பெண்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாட்டாகவே பாடி வைத்தார்.

அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வேறு சிலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளூடே மாத்தளைக்கு நடந்தார்கள். முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலை. ஊவா மலைகளில் தேயிலை படர்ந்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. ஒரே ஊரில் பிறந்த ஒருவன் கரும்பு வெட்டப் போனான். மற்றொருவன் கொழுந்து மலைக்கு வந்தான். இருவருடைய கூலியையும் குறைத்து வைத்ததால்தான் லண்டன் தொழிலாளியின் கோப்பை மலிவாக நிறைந்தது. பின்னாளில் ஐரோப்பிய பீட்ரூட் சீனி அந்தச் சந்தையில் கரும்புச் சீனியை ஓரம் தள்ளியது. ஆயினும் கோப்பையின் பொருளாதாரம் மாறவில்லை. ஆலைத் தொழிலாளிக்குப் போதிய உணவைத் தருவதைவிட, சீனி போட்ட தேநீரைத் தந்து பசியை அடக்குவது மலிவாக இருந்தது.

அந்த லண்டனிலும் சீனி வரி பற்றி நெடிய போராட்டம் நடந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. தேயிலை, சீனி போன்ற பண்டங்களின்மீதான வரி, செல்வந்தனையும் கூலிக்காரனையும் ஒரே அளவில் தாக்குகிறது. ஆகவே அது அநியாய வரி என்று அன்றைய முற்போக்காளர்கள் வாதாடினர். ‘வரியற்ற காலையுணவு’ என்பது அவர்களுடைய கோஷம். 1874இல் பிரிட்டன் சீனி வரியை நீக்கியது. 1901இல் போயர் யுத்தச் செலவுக்காக மீண்டும் விதித்தது. உப்பு வரியை எதிர்த்துக் காந்தியடிகள் 1930இல் தண்டிக்கு நடந்ததும் இதே நியாயத்தின் தொடர்ச்சிதான். எனவே, உணவுப் பண்டத்துக்கு வரி என்றதும் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்பவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு கௌரவமான பரம்பரை உண்டு.

ஆனால் மற்றொரு பரம்பரையும் நம் நாட்டில் உண்டு. அது மதுவிலக்கு இயக்கத்தின் பரம்பரை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சாராயக் குத்தகை பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் பெரும் வருமானம் கொடுத்தது. 1912இல் வந்த புதிய மதுவரிச் சட்டம் கள்ளுத் தவறணைகளைப் பெருக்கியபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். பிற்காலத்தில் சுதந்திர இலங்கையை ஆண்ட தலைவர்களிற் சிலர் அந்த இயக்கத்தில்தான் அரசியல் கற்றனர். மக்களைக் கெடுக்கும் பானத்திலிருந்து கஜானாவை நிரப்பாதே என்பது அவர்களுடைய வாதம். தோட்டங்களில் சம்பள நாளன்று தவறணைக்குப் போன பணம் எந்தக் குடும்பத்தின் அரிசிப் பானையிலிருந்து போனது என்பதை மலையகத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படியானால் குளிர்பானம் உப்பைப் போன்றதா, சாராயத்தைப் போன்றதா? இதுவே பிரச்சினையின் மையம்.

உப்பின்றி உயிர் வாழ முடியாது. வர்ணச் சோடாவின்றித் தாராளமாக வாழலாம். அது உணவுப் பண்டமும் அல்ல. பசியை ஆற்றாமல் சீனியை மட்டும் உடம்பில் சேர்க்கும் திரவம். 2015இல் உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சீனி ஒருவர் பெறும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், அதில் பாதியாக, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமாக இருந்தால் மேலும் நன்று என்றும் கூறியது. சிவப்பு அடையாளம் பெறும் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் மட்டும் 44 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வயது வந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. ஒரு காலத்தில் பணக்காரரின் நோய் என்று பெயர் பெற்றது இன்று யாரையும் விட்டுவைப்பதில்லை. பணக்காரன் மாதந்தோறும் இரத்தம் பரிசோதிப்பான். தோட்டத் தொழிலாளியோ காலில் புண் ஆறாமற்போன பின்னரே வைத்தியரைக் காண்பான். வேறுபாடு அவ்வளவுதான்.

வெளிநாட்டு அனுபவமும் வரிக்குச் சாதகமாகவே இருக்கிறது. மெக்சிக்கோ 2014இல் லீற்றருக்கு ஒரு பேசோ வரி விதித்தது. முதலாண்டிலேயே வரிக்குட்பட்ட பானங்களின் கொள்முதல் சராசரி 6 வீதம் குறைந்தது. வறிய குடும்பங்களில் 9 வீதம் குறைந்தது. பிரிட்டன் 2018இல் சீனியின் அளவுக்கேற்பப் படிப்படியாக உயரும் வரியைக் கொண்டுவந்தபோது கம்பெனிகள் தாமாகவே சீனியைக் குறைத்தன. நியூயோர்க் நகரம் பெரிய கோப்பைகளைத் தடைசெய்ய முயன்று 2014இல் நீதிமன்றத்தில் தோற்றது. நேரடித் தடை தோற்ற இடத்தில், அளவறிந்த வரி பயன் தந்திருக்கிறது.

ஆயினும் இத்துடன் பேனாவை வைத்துவிட்டால் நாம் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். மலைக்குத் திரும்புவோம்.

கொழுந்து பறிக்கும் பெண் காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் அருந்திவிட்டுப் பிரட்டுக் களத்துக்குப் போகிறாள். மலையில் தேநீர் வேளையிலும் அதுவே. மாலையில் வந்ததும் அதுவே. மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தாலும் 25 கிராம் கணக்கு தீர்ந்துவிடுகிறது. ஆனால் அவள் ஆசைக்காகவா அந்தச் சீனியைப் போடுகிறாள்? பாலுக்கும் முட்டைக்கும் பருப்புக்கும் வழியில்லாத வீட்டில், ஏற்ற இறக்கங்களில் கூடை சுமப்பதற்கு வேண்டிய பலத்தை மிக மலிவாகத் தருவது சீனி. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் இலங்கை முழுவதிலும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். உணவில்லாமற் குன்றுவதும் சீனியால் நோயுறுவதும் முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் குறைந்த கூலி என்ற ஒரே வேரில் முளைத்தவை.

இந்த மக்களுக்கு உணவின் அளவை அரசாங்கம் தீர்மானித்த அனுபவம் புதிதல்ல. உலக யுத்த காலத்தில் பங்கீடு வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வறண்டு, உலகச் சந்தையில் சீனி விலை 1974 நவம்பரில் உச்சிக்கு ஏறியபோது, அரிசியும் மாவும் சீனியும் குறைந்தன. தோட்டங்களில் பட்டினி நிலவியது, சாவுகள் பெருகின. கிராமத்தவனுக்குச் சிறிது நிலமும் பலா மரமும் இருந்தன. லயத்தில் இருந்தவனுக்கு இரண்டுமில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர்க்கு அன்று வாக்குரிமையும் இல்லை. வாக்கில்லாதவனின் வயிறு வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. கடைகள் நிரம்பின; வர்ணப் போத்தல் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்தது. கூலி மட்டும் அதே வேகத்தில் வரவில்லை.

அரசாங்கத்தின் நடத்தையோ விசித்திரமானது. இதே ஊவா மாகாணத்தின் தாழ்நிலத்தில், மொனராகலை மாவட்டத்தில், பெல்வத்தை, செவனகலை என்ற இரண்டு சீனி ஆலைகள் உள்ளன. 2011ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அவ்விரண்டையும் அரசாங்கமே கைப்பற்றியது. ஒரு கையால் சீனி உற்பத்தி. மறுகையால் சீனிக்கு எச்சரிக்கை! 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகத் திடீரென வெட்டப்பட்டது. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 1,600 கோடி ரூபா இழப்பு என்று பின்னர் கணக்கிடப்பட்டது. கடையில் சீனி வாங்கியவர்களுக்கு அதற்கேற்ற விலைக்குறைப்பு வந்து சேரவில்லை. 2023 நவம்பரில் அதே வரி மீண்டும் 50 ரூபாவாக உயர்ந்தது. வரியைக் குறைத்தபோது இலாபம் வியாபாரிக்கு; கூட்டியபோது சுமை சாயத்தண்ணிக்கு. ஏழையின் பெயரால் வரியை எதிர்த்தவர்களில் எத்தனை பேர் இதை எதிர்த்தார்கள்?

2018இன் இறுதி மாதங்களை மீண்டும் நினைவூட்டிக்கொள்வோம். குளிர்பானத்தின் வரி குறைக்கப்பட்ட அதே பருவத்தில்தான், ஒரு நாளைய அடிப்படைச் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கொழும்புக் காலிமுகத் திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து திரண்டனர். அன்று அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. ஆயிரம் ரூபா கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குளிர்பானக் கம்பெனிகளின் கோரிக்கை ஓராண்டில் செவியேறியது. கொழுந்துப் பெண்களின் கோரிக்கை மலையிலிருந்து இறங்கிவர அதைவிட நெடுங்காலம் எடுத்தது.

ஆகவே நமது முடிவு இது. போத்தல் பானத்தின்மீதான வரியை நாம் ஆதரிக்கிறோம். அதைக் குறைத்தது பிழை. ஆனால் வரியை ஆதரிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, போத்தல் பானத்தையும் வீட்டுச் சீனியையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. மாற்று உணவு கைக்கெட்டாதவரை, லயத்துக் கோப்பையின்மீது விதிக்கும் வரி உப்பு வரிக்கு ஒப்பானதே. இரண்டாவது, போத்தலிலிருந்து பெறும் பணம் கஜானாவின் இருளில் மறையாமல், தோட்டங்களுக்குச் சுத்தமான குடிநீராகவும், பிள்ளைகளுக்குப் பாலாகவும், நீரிழிவைக் காலத்தே கண்டறியும் வைத்திய நிலையங்களாகவும் திரும்பி வர வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வராத இடத்தில் சோடா குடிக்காதே என்று உபதேசம் செய்வது கேலியாகும். மூன்றாவது, கூலி உயர வேண்டும். சீனியைக் குறை என்று சொல்வதற்கு, அதன் இடத்தில் வைக்க ஒரு முட்டையாவது வாங்கும் சக்தி அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டும்.

கரும்புத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உலகத்தின் கோப்பையை இனிமையாக்கியவர்கள் நம் மக்கள். அவர்களுடைய கோப்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனிகளும் அமைச்சுகளும் மட்டும் தீர்மானித்த காலம் முடிய வேண்டும். போத்தலின்மீது சிவப்பு அடையாளம் ஒட்டியது நல்ல தொடக்கம். அதே சிவப்பு அடையாளத்தை ஒட்ட வேண்டிய சம்பளப் பட்டியல்கள் இந்த மலைகளில் இன்னும் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.