வாயுவும் நீரும்: மூட்டு ஊசியின் சொல்வரலாறு

பிடோக் வட்டாரத்து முதியோர் 'மூட்டில் ஊசி போட்டார்கள்' என்று கூறக் கேட்கிறோம். அத்தொடர் நிகழ்ந்ததில் பாதியை மட்டுமே சுட்டுகிறது. ஊசி முதலில் மூட்டுநீரை எடுக்கிறது. தேவையெனில் பின்னரே மருந்தைச் செலுத்துகிறது.

எடுத்தலுக்குப் பேச்சுவழக்கில் பெயர் நிலைக்காததற்கு ஒரு காரணம் உண்டு எனக் கருதுகிறோம். கீல் என்பது மூட்டு. 'கீல்வாயு' என்னும் பழம்பெயர் நோயை வாயுவின்மேல் ஏற்றிற்று. வீக்கத்தினுள் நீர் இருப்பதை அது காட்டவில்லை. மேலைநாட்டாரின் 'கவுட்' என்பதோ, துளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தீய நீர் மூட்டில் சொட்டுவதாக அவர்கள் நம்பினர். ஊகம் பிழையே, எனினும் நீரையேனும் நினைத்தார்கள்!

கார்ட்டிசோன் ஆய்வுக்கு 1950இல் நோபல் பரிசு கிட்டிற்று. 1951இல் பிலடெல்பியாவின் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்திக் கண்ட பயனை வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, 1961இல், அவரும் மெக்கார்ட்டியும் எடுத்த நீரைத் தளவிளைவு ஒளி நுண்ணோக்கியில் நோக்கி, கவுட் நோயின் யூரேட் படிகங்களை அடையாளங்கண்டனர். அப்படிகங்களும் ஊசி வடிவினவே.

மூட்டில் கிருமித்தொற்று இருக்கையில் இம்மருந்தைச் செலுத்துவது கேடு. ஆகவே நீர் கலங்கி ஐயம் எழுந்தால், மருத்துவர் மருந்தை நிறுத்தி, நீரை ஆய்வகத்துக்கு அனுப்புவார். பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகள் 'மூட்டுநீர் எடுத்தல்', 'மருந்து செலுத்துதல்' என இரண்டாகப் பிரித்துரைத்தால், மருந்தின்றித் திரும்பும் முதியவர் தமக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டதாக எண்ணார்.