வீட்டிலேயே முர்தபா: காலைப் பசியாற ஒரு வழி

மதுரைப் பக்கம் பரோட்டா கடைகளில் பெரும்பாலும் மாலையில்தான் கல் சூடாகும். முட்டை லாப்பாவோ கறி லாப்பாவோ காலையில் வேண்டுமென்றால் நம் வீட்டு அடுப்புதான் கதி. திருப்பரங்குன்றத்திலிருந்து நகருக்குள் படிக்கப் போகும் பிள்ளைகளை ஏழரை மணிக்குள் பசியாற வைத்து அனுப்ப வேண்டிய தாய்மார்களுக்கு, முந்தைய இரவே பாதி வேலையை முடித்துக்கொள்ளும் முறையைச் சொல்கிறோம்.

லாப்பாவின் நெருங்கிய உறவுதான் முர்தபா. 'மடித்தது' என்று பொருள்படும் முதப்பக் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இயங்கும் ஸம்ஸம் உணவகம் இதற்கே பேர்போனது. கடல் கடந்து போய் வந்த நம்மவர்கள் வீடுகளிலும் இது பழகிய பண்டம்தான்.

எட்டு முர்தபாவுக்கு அரை கிலோ மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, அதே அளவு சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 275 முதல் 300 மில்லி தண்ணீர் போதும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, எட்டு உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி, மூடி குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்தால்தான் மாவு இழுக்க வரும். அவசரப்பட்டால் கிழியும்.

கைமாவுக்கு 300 கிராம் எலும்பில்லாத ஆட்டுக்கறி. கொத்தும் முன்பே கழுவி நீரை வடித்துவிடுங்கள். கொத்திய பிறகு கழுவினால் சாறெல்லாம் போய்விடும். வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்த்து நீர் சுண்டும்வரை வேகவிடுங்கள். பச்சைக் கைமாவை மாவுக்குள் வைத்துச் சுடவே கூடாது. மாவு சிவந்துவிடும், உள்ளே கறி வேகாது. பிள்ளைகளுக்கு வயிறு கெடுவது இப்படித்தான். வெந்த கைமாவை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள்.

காலையில் ஒரு முர்தபாவுக்கு ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி கைமா, பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை கலந்துகொள்ளுங்கள். மாவை வீசத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எண்ணெய் தடவிய மேடையில் வைத்து விரலால் ஓரங்களை இழுத்தாலே கண்ணாடி போல விரியும். நடுவில் கலவையை வைத்து நான்கு பக்கமும் மடித்து, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் போடுங்கள். தீ மிதமாகவே இருக்கட்டும். பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். நடுவில் வெட்டிப் பார்த்தால் முட்டை ஒழுகக் கூடாது.

கறி இல்லாத நாளில் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் முட்டையும் போதும். தொட்டுக்கொள்ள முதல் நாள் ஆணம் மிச்சமிருந்தால் அதைக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள், இல்லையென்றால் எலுமிச்சை பிழிந்த வெங்காயம்.