பழைய காரின் சென்ட்ரல் லாக் பழுதா? மோட்டாரை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பிரிக்பீல்ட்ஸ், லோரோங் ஸ்கோட்டில் உள்ள ஶ்ரீ கந்தசாமி கோயில் வாசலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பாட்டியை இறக்கிவிடக் காரை நிறுத்தினேன். பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவு திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் மற்ற மூன்று கதவுகளும் ‘டக்’ என்று திறக்கின்றன, அந்த ஒன்று மட்டும் அசையவில்லை. குமிழைக் கையால் இழுத்தாலும் வரவில்லை. பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க, முட்டி வலியோடு பாட்டி இருக்கையில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கமாக இறங்கினார்.

அப்பா ஓட்டிய அந்தக் காருக்கு இருபது வயதுக்கு மேல். மறுநாள் முதலில் போன பட்டறையில், “பழைய கார் தம்பி, நாலு மோட்டாரையும் மாத்திடுங்க” என்றார்கள். இரண்டாவது பட்டறையின் போர்மன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மத்த மூணு கதவும் நல்லாத்தானே வேலை செய்யுது? அப்புறம் ஏன் நாலையும் மாத்தணும்?” கதவைப் பிரித்துப் பார்த்தால், அந்த ஒரு மோட்டாரின் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்து, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு மோட்டார் மாற்றியதோடு வேலை முடிந்தது.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் சாரம். எந்தக் கதவு, எப்போது, எப்படி மறுக்கிறது என்பதைக் கவனித்தாலே பழுது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். காசு கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

சென்ட்ரல் லாக் எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கதவின் உள்ளேயும் 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய மோட்டார் ஒன்று இருக்கிறது. அது பற்சக்கரங்கள் வழியாக ஒரு கம்பியை மேலும் கீழும் தள்ளும். அந்தக் கம்பிதான் பூட்டையும், நாம் கையால் இழுக்கும் குமிழையும் அசைக்கிறது. மின்சாரம் ஒரு திசையில் போனால் பூட்டும். திசை மாறினால் திறக்கும். அதுவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் மின்சாரம் வரும்.

ஓட்டுநர் கதவில் இருப்பது ‘மாஸ்டர்’. அதனுள் மோட்டாரோடு ஒரு சுவிட்சும் உண்டு. ஓட்டுநர் கதவைப் பூட்டும்போது அந்தச் சுவிட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் அனுப்பும். பெட்டி மற்ற மூன்று மோட்டார்களையும் இயக்கும். அதனால்தான் கடைகளில் விற்கும் செட்டில் மாஸ்டருக்கு ஐந்து வயரும், மற்ற கதவு மோட்டார்களுக்கு இரண்டு வயரும் இருக்கும்.

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே சென்ட்ரல் லாக் கிடையாது. உரிமையாளர்கள் பின்னர் கடையில் பொருத்தியதே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் காரில் இருப்பது தொழிற்சாலைப் பூட்டா, கடையில் போட்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடை மோட்டார் என்றால் மாற்றுவது எளிது, விலையும் குறைவு.

அறிகுறியும் காரணமும்

• நான்கு கதவுகளும் அசையவில்லை: பியூஸ், கட்டுப்பாட்டுப் பெட்டி, அதற்கு வரும் மின் இணைப்பு அல்லது எர்த் வயர். நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் கெட்டுப்போவது மிக அரிது.

• ஒரு கதவு மட்டும் அசையவில்லை: அந்தக் கதவின் மோட்டார், வயர், இணைப்பான் அல்லது கம்பி.

• மோட்டார் சத்தம் கேட்கிறது, குமிழ் அசையவில்லை: பற்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கம்பி கழன்றிருக்கும். கம்பி கழன்றிருந்தால் புதுப் பொருளே தேவையில்லை, திரும்ப மாட்டினால் போதும்.

• மெதுவாக, பாதி தூரம் மட்டும் அசைகிறது: பூட்டில் பழைய கிரீஸும் தூசியும் இறுகியிருக்கும், அல்லது மோட்டார் வலுவிழந்திருக்கும்.

• ரிமோட்டில் நான்கும் வேலை செய்கின்றன, ஆனால் ஓட்டுநர் குமிழை அழுத்தினால் மற்றவை அசையவில்லை: மாஸ்டரின் உள்ளே இருக்கும் சுவிட்ச், அல்லது அதன் வயர்.

• ஓடும்போதே தானாகப் பூட்டித் திறந்து ‘டக் டக்’ என்கிறது: பெரும்பாலும் மாஸ்டரின் சுவிட்ச் தேய்வு, அல்லது ஓட்டுநர் கதவுக்குப் போகும் வயர் உரசல்.

• கதவை அகலத் திறந்தால் வேலை செய்கிறது, மூடினால் இல்லை. அல்லது அதற்கு நேர்மாறு: கதவுக்கும் காரின் தூணுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கும். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அந்த வயர் வளைகிறது. அதிகம் பயன்படும் ஓட்டுநர் கதவில்தான் இது முதலில் நடக்கும்.

பிரிப்பதற்கு முன் செலவில்லாத ஐந்து சோதனைகள்

1. பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை, வெளியிலிருந்து திறக்கிறது என்றால், அது பழுதே இல்லாமலும் இருக்கலாம். கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். குழந்தைப் பாதுகாப்புப் பூட்டின் சிறிய நெம்பு அங்கே இருக்கும். காரைக் கழுவும்போதோ பொருள் ஏற்றும்போதோ அது இடம் மாறியிருக்கும்.

2. ரிமோட் வேலை செய்யவில்லை, சாவியில் வேலை செய்கிறது என்றால், ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

3. கார் பேட்டரி பலவீனமாக இருந்தாலும் பூட்டு சோம்பலாகும். என்ஜினை இயக்கிவிட்டு மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

4. பியூஸைக் கழற்றிப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும். புதியதும் உடனே எரிந்தால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். அதோடு நிறுத்திவிட்டு வயர்மேனிடம் காட்டுங்கள்.

5. நான்கு குமிழ்களையும் கையால் இழுத்து அழுத்திப் பாருங்கள். கையாலேயே இறுக்கமாக இருக்கும் பூட்டை மோட்டார் எப்படித் தள்ளும்? கதவோரத்தில் உள்ள பூட்டைச் சுத்தம் செய்து வெள்ளை கிரீஸ் தடவுங்கள். துருநீக்கி ஸ்பிரே சுத்தம் செய்ய மட்டுமே. அது காய்ந்துவிடும், நீண்ட நாள் வழவழப்பைத் தராது.

கதவைப் பிரிக்கும் முறை

கையில் ஓரளவு வேலை தெரிந்தவர் என்றால் வீட்டிலேயே செய்யலாம். முன்பக்கக் கதவில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார் என்றால் வேண்டாம், பட்டறைக்கே கொண்டு போங்கள்.

கண்ணாடியை முழுவதுமாக ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கைப்பிடியின் பின்னால், கைதாங்கியின் அடியில், சிறிய மூடிகளுக்குள் ஸ்குரூக்கள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, டோர் பேனலின் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்புங்கள். வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்குரூ எங்கோ இருக்கிறது. இழுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிடுவது பல பட்டறைகளில் நடக்கும் தவறு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். மெதுவாக உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளையும் அப்போதே சுத்தம் செய்யுங்கள். அவை அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். தகட்டின் ஓரங்கள் கத்தி போல இருக்கும், கையுறை அவசியம்.

இப்போது பேட்டரியை மீண்டும் இணைத்து, மோட்டாரின் இணைப்பானைக் கழற்றி, இரண்டு வயர்களுக்கு இடையே டெஸ்ட் விளக்கை வையுங்கள். வேறொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு ஒரு கணம் மின்னினால் மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் பழுது. மின்னவில்லை என்றால் மோட்டார் மீது பழியில்லை. வயரைப் பின்தொடர்ந்து ரப்பர் குழாய் வரை பாருங்கள்.

புதிய மோட்டாரைப் பொருத்தும்போது கம்பி நேர்கோட்டில் போகவேண்டும். சாய்ந்து தள்ளினால் அதுவும் விரைவில் தேயும். மற்ற கதவுகள் திறக்கும்போது இந்தக் கதவு மட்டும் பூட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

மிக முக்கியமான ஒன்று: கதவை மூடாமல் சோதியுங்கள். கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பூட்டு, திறப்பு, உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி எல்லாவற்றையும் பல முறை பாருங்கள். சரியாக இல்லாத நிலையில் கதவை மூடிவிட்டால், பேனலைக் கழற்றவே முடியாமல் அவதிப்பட நேரும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

கடை மோட்டார் ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குள் அடங்கும். முழு செட்டும் கூலியும் என்றால் அதைப் போல் பல மடங்கு. தொழிற்சாலைப் பூட்டு என்றால், கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் கட் கடைகளில் அதே மாடலின் பழைய பாகம் கிடைக்கலாம். வாங்கும்போதே பேட்டரியில் இணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இடம், வலம் பார்த்து வாங்குங்கள்.

“எந்தப் பாகம் பழுது? எப்படிச் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். நல்ல போர்மன் இதற்குக் கோபப்படமாட்டார்.

தள்ளிப்போடக் கூடாது, ஏன்?

பூட்டாத கதவு, சாலை விளக்கில் நிற்கும்போது வழிப்பறிக்காரனுக்கு வசதி. திறக்காத கதவு அதைவிட ஆபத்து. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற இடங்களிலும் வெள்ளம் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை நம்மில் பலர் மறக்கவில்லை. தண்ணீர் ஏறினால் மின் பூட்டையும் மின் கண்ணாடியையும் நம்ப முடியாது. அப்போது கையால் இழுக்கும் குமிழ்தான் கைகொடுக்கும். அது இறுகிப்போயிருந்தால்? வெள்ள நீரில் மூழ்கி மீண்ட காரை வாங்கியவர்கள், கதவுக்குள் இருக்கும் மோட்டாரையும் இணைப்பான்களையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

குழந்தை காருக்குள் மாட்டிக்கொண்டால் பூட்டோடு போராடி நேரத்தை வீணாக்காதீர்கள். நம் வெயிலில் மூடிய காருக்குள் சில நிமிடங்களே ஆபத்து. உடனே 999-ஐ அழையுங்கள், தீயணைப்பு மீட்புப் படை வரும். குழந்தை சோர்ந்துபோனால் காத்திருக்க வேண்டாம். குழந்தையிலிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை, காரைக் கழுவும் நாளில், நான்கு கதவுகளையும் ரிமோட்டிலும், சாவியிலும், கையாலும் பூட்டித் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். நான் இப்போது செய்கிறேன். பாட்டி உட்காரும் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.